நான்கு மைக்ரான்

நுண்ணோக்கி என்னுடையது அல்ல.
கத்தியும் அல்ல.
யாருடைய திசு எந்த அலமாரியில் இருக்கிறது,
எத்தனை மணிக்குக் கார்டிஃபுக்குப் புறப்படும்,
படிவத்தில் கையெழுத்து விழுந்ததா
என்பதோடு என் வேலை முடிகிறது.
எட்டு வருடமாய் முடிந்துகொண்டே இருக்கிறது.

வட வேல்ஸில் பெயர்களுக்குப் பஞ்சம்.
ஒரே ஊரில் மூன்று பேர் கிரிஃபித் பாரி.
கற்பலகைச் சுரங்கத்துக்குப் போனவர் கல் கிரிஃப்,
விடியலில் புட்டி வைத்துவிட்டுப் போனவர் பால் கிரிஃப்,
மூன்றாமவர் பட்டப்பெயரைத் தேவாலயத்தில் சொல்ல மாட்டார்கள்.
எங்கள் கணினிக்குப் பட்டப்பெயர் ஆகாது.
அதற்கு எண் வேண்டும், பிறந்த நாள் வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
டெக்வென் மெழுகுக்கட்டியைப் பனித்தட்டில் குளிரவைத்துச்
சக்கரத்தைச் சுற்றினாள்.
சுற்றும்போது மூச்சு விடமாட்டாள்;
விட்டால் பறந்துவிடும்.
ஒரு சீவல் நான்கு மைக்ரான்.
வெதுவெதுப்பான நீரில் பாலாடைபோல் அது விரிய,
கண்ணாடியால் ஏந்தி எடுப்பாள்.
பத்துச் சீவல். பத்துக் கண்ணாடி.
சாயமேற்றிய ஒன்றின் மேல் டாக்டர் யோர்வெர்த்
கறுப்புப் பேனாவால் வட்டம் போட்டார்:
'புற்று இதற்குள். நாற்பது சதவீதம் தேறும்.'

மூன்றரை மணி. வண்டி நாலுக்கு.
உறையை ஒட்டப்போன என் விரல்
படிவத்தில் 'இடது நுரையீரல்' என்ற இடத்தில் நின்றது.
மெழுகின் பதிவில் வலது.

ஒருவர் மார்ச் மூன்று. மற்றவர் மார்ச் எட்டு.
ஒரே வருடம். ஒரே பெயர். ஒரே மாதத்தில் ஊசி.
யாரோ அவசரமாய் எழுதிய 3
வாயை மூடிக்கொண்டு 8 ஆகியிருந்தது.

வார்டுக்குப் போன் செய்தேன்.
'எந்த கிரிஃப்?' என்றாள் லோயிஸ். 'பால்காரரா?'
'பேர் சொல்லாதே. தேதியை மட்டும் சொல்.'
சொன்னாள்.
மூன்று.

வண்டிக்காரர் எமிர்
சாவியைக் குலுக்கியபடி வாசலில் நின்றார்.
மலைப்பாதையில் மூடுபனியாம்,
ஆட்டுமந்தை குறுக்கே வந்தால் அரை மணி போச்சாம்.
'போங்க' என்றேன்.
மற்றவர்களின் பெட்டிகளோடு போனார்.

மூன்றின் மெழுகுக்கட்டி அலமாரியிலிருந்து வந்தது.
ஒவ்வொரு சாயத்துக்கும் கொடுத்துக் கொடுத்துத்
தேய்ந்துபோன சோப்பு.
நடுவே சதை,
நகம் வெட்டிய துண்டளவு.
டெக்வென் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
'பத்து வராது.'
'எத்தனை வரும்?'
சக்கரம்தான் சுற்றியது.
ஏழாவதில் வெறும் மெழுகு.

ஆறோடு ஒரு கடிதம் வைத்தேன்:
'திசு இவ்வளவே. தயவுசெய்து முயலவும்.'
'தயவுசெய்து'வை இரண்டு முறை அழித்து
மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

எட்டின் பத்துக் கண்ணாடிகளை
எறியவும் முடியாது,
மெழுகில் திருப்பி ஒட்டவும் முடியாது.
சரியான எண்ணை எழுதி அடுக்கினேன்.
தவறுப் பதிவேட்டில் என் பெயரையும் சேர்த்தேன்.
காலையிலேயே பார்த்திருக்க வேண்டியது.

பதினெட்டாம் நாள் அறிக்கை வந்தது.
மரபணுவில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கிறதாம்.
அதற்கு மாத்திரை உண்டாம்.
உரியவருக்கு அனுப்பினேன். வரிசையில் பச்சை விழுந்தது.
மாத்திரை தொடங்கினார்களா, உடம்பு கேட்டதா,
அதெல்லாம் என் திரைக்கு வராது.

நேற்று ரொட்டிக்கடை வரிசையில்
முன்னால் இரண்டு பேர்.
'பால் கிரிஃபைப் பார்த்தாயா?
நாயோடு கடற்கரை வரைக்கும் நடந்தாராம்.'
'கல் கிரிஃப்?'
மற்றவர் குடையை மடக்கி,
வேண்டியதற்கு மேல் உதறினார்.

மூன்று யார், எட்டு யார்?
அன்றைக்கு லோயிஸைப் பேசவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.
கடைக்காரி இரண்டாம் தடவையாகக் கேட்டாள்
என்ன வேண்டும் என்று.
'ஒரு ரொட்டி' என்றேன்.
'முழுசாகவே கொடுங்கள். சீவ வேண்டாம்.'